தேத்தண்ணியும் தூரிகையும்: ஒலுவில் துறைமுகக் கரையை முன்வைத்து ஒரு நுண்ணாய்வு

ஆய்வுப் பொருள்

படம் கீறத் தெரியாத பத்துப் பன்னிரண்டு பேர் ஒரு பின்னேரம் ஒன்றுகூடுகிறார்கள். ஆளுக்கொரு கன்வஸும் ஆளுக்கொரு வைன் கிண்ணமுமாக உட்காருகிறார்கள். ஆசிரியர் கீறுகிற அதே படத்தைத் தாங்களும் கீறி, ஈரம் காய முன்னரே போனில் பிடித்து ஊருக்கு அனுப்பிவிட்டுப் படுக்கப் போகிறார்கள். இப்படியொரு வழக்கம் உலகில் உண்டு. சுற்றுலாப் பயணிகளிடையே அது நன்றாகவே வேர்விட்டிருக்கிறது. நூதனசாலைக்குப் போனால் கால் நோகும். கோட்டையில் ஏறினால் மூச்சு வாங்கும். இங்கேயோ கலை கதிரைக்கே வந்து சேர்கிறது. இந்த ஏற்பாட்டில் தூரிகையின் பங்கு என்ன என்பது எல்லாருக்கும் தெரியும். கிண்ணத்தின் பங்கு என்ன என்பதுதான் ஆராயப்பட வேண்டியது.

உப்பின் வேலையை உப்பில்லாத கறிதான் சொல்லும். அந்த நியாயப்படி, வைனின் வேலையை அறிய வைன் புழங்காத ஓர் ஊர் வேண்டும். அம்பாறை மாவட்டக் கரையோரத்தில், நிந்தவூருக்குத் தெற்கே, பாலமுனைக்கு வடக்கே, அப்படியோர் ஊர் இந்த ஆய்வுக்கென்றே காத்திருந்ததுபோல் இருக்கிறது. ஒலுவிலில் துறைமுகம் உண்டு, வெளிச்சவீடு உண்டு, 1995இல் தொடங்கிய தென்கிழக்குப் பல்கலைக்கழகம் உண்டு. தவறணையை மட்டும் ஆய்வாளர் கண்டதில்லை.

எமது கருதுகோள் இதுதான்: ஓவிய வகுப்பில் வைன் வைக்கப்படுவது குடிப்பதற்காக என்பது மேலோட்டமான பார்வை. அது அங்கே இருப்பது பழி சுமப்பதற்காக. படம் கோணினால் "ரெண்டு கிளாசுக்குப் பிறகு கீறினது" என்று சொல்லிச் சிரிக்கலாம். நேராக வந்துவிட்டால் "ரெண்டு கிளாசுக்குப் பிறகும் பாருங்களேன்" என்று காட்டலாம். எந்தப் பக்கம் விழுந்தாலும் மாணவர் தப்பிவிடுகிறார். இந்தப் பாதுகாப்பு இல்லாத ஒருவர், வெறுந் தேத்தண்ணியோடு கன்வஸின் முன்னால் உட்கார்ந்தால் என்ன ஆவார்? இதுவே ஆய்வு வினா.

முன்னோர் விட்டுச் சென்ற சான்றுகள்

இன்றைய வடிவில் இந்த வகுப்பு அமெரிக்காவின் தென்பகுதியில் பிறந்தது. 2002இல் அலபாமாவின் பேர்மிங்ஹாமில் வென்டி லோவோய் என்ற பெண்மணி ஒன்றைத் தொடங்கினார். 2007இல் லூசியானாவின் மண்டெவில் என்ற ஊரில் இரண்டு பெண்கள் இன்னொன்றைத் தொடங்கினார்கள். கத்ரீனாச் சூறாவளி அந்தக் கரையைப் புரட்டிப் போட்டு இரண்டு வருடமளவே ஆகியிருந்த காலம் அது. வீடு போனவர்களுக்கு ஒரு பின்னேரமாவது வேறு எதையாவது நினைக்க இடம் வேண்டியிருந்தது. அது பிறகு நூற்றுக்கணக்கான கிளைகளோடு பெரிய வியாபாரமாயிற்று. கடல் கொண்டுபோன கரையில் இக்கலை தழைத்தது என்பதை வாசகர் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும், கீழே தேவைப்படும். வாடிக்கையாளரில் மிகப் பெரும்பாலானோர் பெண்கள். இலங்கையிலோ பெண்களுக்கு மது விற்கலாகாது என்ற பழைய தடையை 2018 ஜனவரியில் நிதியமைச்சர் நீக்க, அதே மாதத்திலேயே ஜனாதிபதி தலையிட்டுப் பழையபடி ஆக்கினார். ஆகவே இவ்வகுப்பு எங்கள் நாட்டில் சட்டத்தோடும் கொஞ்சம் கண்சாடை காட்டித்தான் நடக்க வேண்டியிருக்கும்.

பழைய காலத்துக்குப் போனால் சான்றுகள் இன்னும் சுவையானவை. கி.பி. 353இல் சீனத்துக் கையெழுத்துக் கலைஞர் வாங் சீச்சி தம்மோடு சேர்த்து 42 பேரை ஓர் ஓடைக்கரையில் உட்கார வைத்தார். மேலிருந்து மதுக்கிண்ணங்களை மிதக்க விட்டார்கள். கிண்ணம் எவர் முன்னால் தங்குகிறதோ அவர் ஒரு கவிதை எழுத வேண்டும். எழுத முடியாதவருக்குத் தண்டனை மூன்று கிண்ணம் மது. பதினாறு பேர் ஒரு வரியும் எழுதவில்லை. இவ்வளவு இனிமையான தண்டனைக்குப் பதினாறு பேர்தான் முன்வந்தார்கள் என்பது அக்காலச் சீனர்களின் ஒழுக்கத்தைக் காட்டுகிறது. அன்றைக்கு வாங் சீச்சி அந்தக் கவிதைகளுக்கு எழுதிய முன்னுரை சீனக் கையெழுத்துக் கலையின் சிகரமாகக் கருதப்படுகிறது. தெளிந்த பிறகு அதையே அவர் பலமுறை திரும்ப எழுதிப் பார்த்தும் அந்த அழகு கைகூடவில்லை என்று மரபு சொல்கிறது. இது எமது கருதுகோளுக்கு எதிரான சான்று. நேர்மை கருதி இதைச் சொல்லிவிட்டு வேகமாகக் கடந்து போகிறோம்.

எங்கள் மார்க்கத்துக்காரர் ஒருவரின் சாட்சியம் வேண்டுமென்றால் முகலாயப் பேரரசர் ஜஹாங்கீர் இருக்கிறார். 1605இல் அரியணை ஏறியதும் அவர் பிறப்பித்த பன்னிரண்டு கட்டளைகளில் ஒன்று, நாட்டில் எவரும் மது காய்ச்சவோ விற்கவோ கூடாது என்பது. தாம் பதினெட்டு வயதிலிருந்து குடித்து வருவதாக அதே இடத்திலேயே எழுதியும் வைத்தார். ஒரு காலத்தில் நாளொன்றுக்கு இருபது கிண்ணம் போயிருக்கிறது: பகலில் பதினான்கு, இரவில் ஆறு. பிறகு ஹக்கீம்மார் பயமுறுத்திக் குறைத்தார்கள். கிண்ணம் ஏந்திய தம் உருவத்தைத் தங்க நாணயத்திலும் பொறிக்க வைத்தார். இத்தனைக்கும் ஓவியத்தில் அவர் கண் தவறாது. பல ஓவியர்கள் சேர்ந்து வரைந்த ஒரு படத்தில் எந்த முகம் எவர் கை, ஒரே முகத்தில் கண்ணும் புருவமும் வேறொருவர் கையா என்பதெல்லாம் தமக்குத் தெரியும் என்று பெருமையடித்திருக்கிறார். அவர் அவையில்தான் அபுல் ஹசனும் மன்சூரும் இருந்தார்கள். கவனிக்க வேண்டியது, குடித்தவர் பார்த்தார், வரைந்தவர் வேறு ஆள். கிண்ணத்தையும் தூரிகையையும் ஒரே கையில் கொடுத்தது பிற்காலத்துக் குழப்பம்.

அந்தக் குழப்பத்துக்கு மூலபுருஷர் வின்ஸ்டன் சேர்ச்சில் என்று கொள்ளலாம். 1915இல் தார்தனெல்ஸ் நீரிணைத் திட்டம் படுதோல்வியாகி, கடற்படைப் பொறுப்பு கையை விட்டுப் போன கோடையில், நாற்பது வயதில் அவர் முதன்முதலாகத் தூரிகை எடுத்தார். வெள்ளைக் கன்வஸைப் பார்த்துப் பயந்துபோய் நின்றவரிடமிருந்து, ஓவியர் லேவரியின் மனைவி தூரிகையை வாங்கி நாலு பெரிய இழுப்பு இழுத்துக் காட்டிய பிறகுதான் பயம் தெளிந்தது. அதன் பின் போகுமிடமெல்லாம் வர்ணப்பெட்டியும் போனது. போத்தலும் போனது. 1943இல் மராக்கேஷில் கீறிய ஒரு பள்ளிவாசல் கோபுரப் படத்தை அவர் ரூஸ்வெல்ட்டுக்குக் கொடுத்தார். 2021இல் அது இலண்டனில் எண்பது இலட்சம் பவுணுக்கு மேல் ஏலம் போயிற்று. கடல் விஷயத்தில் கணக்குப் பிழைத்தவர்கள் தூரிகையைத் தேடி வருவார்கள் என்ற எமது துணைக்கருதுகோளுக்கு இது முதல் ஆதாரம்.

எதிர்முனையில் பொப் ரொஸ். 1983 முதல் 1994 வரை 403 நிகழ்ச்சிகளில், சொட்டு மது இல்லாமல், அமெரிக்கா முழுவதற்கும் தொலைக்காட்சியில் மலையும் மரமும் கீறக் கற்றுக்கொடுத்தார். ஓவியத்தில் பிழை என்ற ஒன்றே கிடையாது என்று அவர் முன்கூட்டியே தீர்ப்பு வழங்கியிருந்தார். குற்றமே இல்லாத இடத்தில் பழி சுமக்க ஆள் எதற்கு? வைன் தேவைப்படவில்லை. கருதுகோள் வலுப்பெறுகிறது.

எங்கள் நாட்டிலும் யாழ்ப்பாணத்தில் ஓவியர் அ. மாற்கு விடுமுறைக்கால ஓவியர் கழகம் என்று ஒன்றை நடத்தியிருக்கிறார். ஆனால் அவரிடம் படித்தவர்களில் சிலர் மெய்யாகவே ஓவியர்களாகிவிட்டார்கள். ஆகையால் அந்தத் தரவை நாம் பயன்படுத்த முடியவில்லை.

வழக்குப் பொருள்

ஆய்வைத் தூண்டியது ஒரு கன்வஸ். நீளம் இருபது அங்குலம், அகலம் பதினாறு. ஒலுவிலில் மாமி வீட்டு விறாந்தையில், கஃபா படம் போட்ட கலண்டருக்கு எதிர்ச் சுவரில் தொங்குகிறது. கட்டாரில் வேலை செய்யும் மச்சான் பெருநாள் லீவுக்கு ஊருக்கு வராமல் கூட்டாளிகளோடு ஜோர்ஜியாவுக்குப் போனார். டோஹாவிலிருந்து பக்கம், குளிர், செலவும் குறைவு என்று வளைகுடாவில் இருக்கும் எங்கள் பிள்ளைகள் பலர் இப்போது போகிற இடம் அது. திபிலீசி நகரத்தில் ஒரு பின்னேரம் இவர் போய் உட்கார்ந்தது, எழுத்துப் பிசகாமல், மேற்சொன்ன வகை வகுப்பொன்றில். ஊரும் சாதாரண ஊர் அல்ல. எண்ணாயிரம் வருடத்துக்கு முந்திய மண்பானைத் துண்டுகளில் திராட்சை மதுவின் தடயத்தை விஞ்ஞானிகள் கண்டுபிடித்து 2017இல் அறிவித்தது அந்த நகரத்துக்குத் தெற்கே இருக்கும் மேடுகளிலிருந்துதான். பெரிய சாடிகளை நிலத்தில் கழுத்துவரை புதைத்து இன்றைக்கும் அங்கே வைன் வைக்கிறார்கள்.

படத்தில் இருப்பது ஆற்றங்கரைப் பாறையின்மேல் நிற்கும் மெத்தேகித் தேவாலயம். பாறை சரியாக இருக்கிறது. ஆறு இருக்கிறது. தேவாலயம் மட்டும் வலது பக்கமாக, யாரோ கூப்பிட்டதுபோல் சாய்ந்து நிற்கிறது.

"என்னடா மகன் இது, சரிஞ்சி கெடக்கு?" என்று மாமி கேட்டார்.

"அது மலையில கட்டின உம்மா."

"மலையில கட்டினா சரியுமா? என்னத்தக் குடிச்சிட்டுக் கீறின?"

"மாதுளம் ஜூஸ். அல்லாஹ் மேல ஆண உம்மா. எனக்கு வேறயா ஜூஸ் தந்தானுகள்."

மாமி நம்பவில்லை. ஆய்வாளரும் அன்று நம்பவில்லை. பாகைமானி வைத்துப் பார்த்ததில் சாய்வு பதினைந்து பாகைக்குக் குறையவில்லை. மாதுளம் பழச்சாறு இரத்தத்தைக் கூட்டும் என்பார்கள். கோபுரத்தைச் சரிக்கும் என்று எந்த ஹக்கீமும் சொன்னதாகத் தெரியவில்லை.

களம்

இவ்வகுப்புகளில் மிகுதியாகக் கீறப்படுவது கடலில் சூரியன் மறையும் காட்சி. இதற்குக் காரணம் அழகுணர்ச்சி என்று நினைப்பவர்கள் வர்ணம் தொட்டறியாதவர்கள். அக்ரிலிக் வர்ணம் கால் மணித்தியாலத்தில், மிஞ்சினால் அரை மணித்தியாலத்தில், காய்ந்துவிடும். முதலில் கன்வஸ் முழுக்க மஞ்சளையும் செம்மஞ்சளையும் இழுத்துவிட்டு, காய்ந்ததும் குறுக்கே ஒரு கோடு போட்டால் கீழே கடல், மேலே வானம். அதன்மேல் கறுப்பால் ஒரு தென்னை. சூரியனுக்கு எதிரே நிற்கும் எதுவும் கறுப்பாகத்தான் தெரியும். ஆகவே ஓலை, குலை, பட்டை எதையும் கீறத் தேவையில்லை. முன்னே செய்த பிழைகள் எல்லாம் அந்தத் தென்னைக்குள் போய் ஒளிந்துகொள்ளும். இரண்டு மணித்தியாலத்தில் வேலை முடியும். எண்ணெய் வர்ணம் என்றால் காய்வதற்கே நாட்கணக்கு. அவ்வளவு காலத்துக்கு வைன் வாங்கிக் கட்டாது.

இங்கேதான் ஒலுவில் இடறுகிறது. கிழக்குக் கரையில் சூரியன் கடலில் மறைவதில்லை. அது வயல் பக்கம், அம்பாறை மலைகளுக்குப் பின்னால் போய் விழும். கடலைப் பார்த்து உட்கார்ந்தவருக்கு அந்திச் சூரியன் பிடரியில்தான் சுடும். அறுகம்பைக்குச் சேர்பிங் ஆட வருகிற வெள்ளைக்காரருக்கும் இதே கதிதான். கடலில் சூரியன் விழும் படத்தை அங்கே உட்கார்ந்து கீறுகிறவர், பூமி எந்தப் பக்கம் சுற்றுகிறது என்பதையே மறுக்கிறார். கடலும் சூரியனும் சேர்ந்து வேண்டுமென்றால் சுபஹ் தொழுதுவிட்டுக் கரைக்கு வர வேண்டும். காலை ஆறு மணிக்கு வைன் கிண்ணத்தைக் கையில் கொடுத்தால் பிரெஞ்சுக்காரனும் ஒருதரம் யோசிப்பான். ஆகவே மதுவோடு ஓவியம் என்ற இக்கலை மேற்குக் கரைகளுக்கு உரியது. மார்க்கம் தடுத்திராவிட்டாலும் எங்கள் சூரியனே அதைத் தடுத்திருக்கும் என்பது ஆய்வின் இடைக்கால முடிவு.

இனித் துறைமுகம். இது எம்.எச்.எம். அஷ்ரஃப் கண்ட கனவு. 1994இல் துறைமுக அமைச்சரானவர், தம் மக்கள் வாழும் கரையிலும் ஒரு துறைமுகம் வேண்டுமென்று நினைத்தார். வெளிச்சவீடு முதலில் வந்தது. 2000 செப்டெம்பர் 16இல் அவர் ஏறிய ஹெலிகொப்டர் அரநாயக்க மலையில் விழுந்தது. டென்மார்க் கொடுத்த வட்டியில்லாக் கடனில் 2008இல் வேலை தொடங்கி 2013 செப்டெம்பரில் துறைமுகம் திறக்கப்பட்டது. கடன் நாலரைக் கோடி யூரோவுக்கு மேல். வட்டி இல்லாததால் அதுவும் ஹலால்.

இந்தக் கரையில் மண் சும்மா கிடக்கிற சாமான் அல்ல. தெற்கேயிருந்து வரும் அலை சாய்வாகக் கரையில் அடித்து அடித்து, மணலை வடக்கு நோக்கி நடத்திக்கொண்டே போகும். குறுக்கே கல்லைக் கொட்டி அலைதடுப்பு கட்டியதும் நடந்து வந்த மணல் தெற்குப் பக்கத்தில் நின்றுவிட்டது. கொஞ்சம் சுற்றிவந்து துறைமுக வாயிலில் உட்கார்ந்துகொண்டது. வடக்கே போக வேண்டிய மணல் போகாததால் கடல் அங்கே ஊர் நிலத்தைக் கடிக்கத் தொடங்கியது. தென்னைகள் விழுந்தன, மதில்கள் விழுந்தன, மையவாடிக்குக் கிட்டவும் கடல் வந்துவிடுமோ என்று ஊர் அஞ்சியது. மீனவர்கள் வாயைத் தோண்டச் சொல்லி நின்றார்கள். ஊரவர்கள் எங்கள் கரைக்கு முதலில் வழி சொல்லுங்கள் என்று நின்றார்கள். இரு தரப்பார் சொன்னதும் நியாயம்தான்.

ஆய்வு முறையியலுக்கு இதனால் ஒரு பெரும் நன்மை. இந்தத் துறைமுகத்தை வரைபலகையில் கீறியவர்கள் குடித்துவிட்டுக் கீறியதாக எவரும் சொன்னதில்லை. கண் தெளிவு, பென்சில் கூர்மை, கணிப்புப் பொறி எல்லாம் இருந்தன. அப்படியும் படத்தில் இருந்த கடலுக்கும் கரையில் இருந்த கடலுக்கும் ஒத்துப் போகவில்லை. தெளிந்த நிலையில் கீறிய ஒரு கோடு எவ்வளவு தூரம் பிழைக்கலாம் என்பதற்கு இதைவிடப் பெரிய கட்டுப்பாட்டு மாதிரி உலகில் வேறெங்கும் கிடைக்காது.

மார்க்கத் தீர்ப்பு

உயிருள்ளவற்றைக் கீறுவது பற்றி உலமாக்களிடையே கருத்துக்கள் உண்டு. கடல், கல், தென்னை, தோணி, வெளிச்சவீடு ஆகியவற்றில் தகராறில்லை. தகராறு பறவையில் வந்தது. தொடக்கநிலை மாணவர் எவரும் வானம் வெறுமையாக இருப்பதைப் பொறுத்துக்கொள்வதில்லை. ஆங்கில எழுத்து எம்மை அகலமாக இழுத்துவிட்டதுபோல் நாலைந்து கோடு போட்டுப் பறவை என்பார்கள். பள்ளிக்கூடச் சித்திரப் பாடத்தில், மலையே இல்லாத ஊர்ப் பிள்ளைகள் இரண்டு மலைக்கு நடுவே சூரியனை வைத்துக் கீறுகிற காலத்திலேயே கைக்கு ஏறிவிடுகிற பழக்கம் அது. விஷயத்தை மௌலவி ஒருவரிடம் கொண்டுபோனோம். மாதிரியைக் கண்ணாடி போட்டுப் பார்த்தார். திருப்பியும் பார்த்தார்.

"இது என்ன?"

"பறவை, ஹஸ்ரத்."

"அல்லாஹ் படைச்ச எந்தப் பறவைக்கும் இது ஒப்பில்ல. தாராளமாக் கீறுங்க."

பரிசோதனை

நாள் குறித்தோம். சுபஹ் தொழுதுவிட்டுத் தெற்கு அலைதடுப்புக்கு இப்பால் மணலில் கதிரைகள் போட்டோம். வடக்குப் பக்கத்தில் போடலாம் என்று ஒருவர் சொன்னார். கதிரை போடுவதற்கு அங்கே கரை வேண்டுமே. ஆசிரியர் மச்சான், திபிலீசியில் ஒரு பின்னேரம் படித்த தகுதி ஊரில் வேறெவருக்கும் இல்லை. மாணவர்கள்: ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர் ஒருவர், மச்சானின் ராத்தா, பல்கலைக்கழகத்துத் தம்பி ஒருவர், ஆய்வாளர், மற்றும் அழைக்காமலே வந்த சின்னப் பையன் ஒருவன். பானம்: இஞ்சி தட்டிப்போட்ட பிளேன்டீ, பெரிய பிளாஸ்கில். கடிக்கச் சக்கரைத் துண்டும் பணிசும்.

முதல் சிக்கல் சூரியன். செம்மஞ்சள் வர்ணத்தைக் குழைத்துச் சரிபார்த்து நிமிர்ந்தால் அது மஞ்சளாகிவிட்டது. மஞ்சளைக் குழைத்தால் வெள்ளையாகிவிட்டது. கடைசியில் எல்லாரும் ஞாபகத்திலிருந்தே கீறினோம், கண்ணுக்கெதிரே சூரியனை வைத்துக்கொண்டு. வெயில் ஏறியதும் தட்டில் இருந்த வர்ணம் கன்வஸுக்குப் போகும் முன்னரே தோலாகக் காய்ந்தது. காகங்கள் பணிசைக் கண்டுகொண்டன. படத்தில் இருந்த பறவைகளோடு அவற்றுக்கு எந்த உறவும் இல்லை என்ற மௌலவியின் தீர்ப்பு நேரிலேயே உறுதியாயிற்று.

இரண்டாவது, கிளாஸ். இது தனித்து ஆராயத் தக்கது. அலைதடுப்புக் கற்களுக்குக் கபிலம் வேண்டியிருந்தது. கபிலம் தோய்ந்த தூரிகையை இரண்டு மூன்று தரம் கழுவிய தண்ணீரும் பிளேன்டீயும் நிறத்தில் இம்மியும் பிசகாமல் ஒன்று. இரண்டும் ஒரே மாதிரிக் கண்ணாடிக் கிளாசில் பக்கத்துப் பக்கத்தில் மணலில் குத்தி நின்றன. ஒன்றின் அடியில் இஞ்சித் தும்பு, மற்றதன் அடியில் வர்ணத் துகள். வெயில் படும்போது இரண்டிலும் அதே பொன்னிறம். வெள்ளைக்காரர்களின் வகுப்பிலும் தூரிகையை வைனுக்குள் தோய்ப்பது அடிக்கடி நடக்கிற விபத்துத்தான். ஆனால் அங்கே சிவப்பைப் பார்த்தாவது சுதாரிக்கலாம். இங்கே விஞ்ஞான ஆசிரியர் கண்ணைப் படத்திலிருந்து எடுக்காமலே கையை நீட்டி ஒரு கிளாசை எடுத்து ஒரு மிடறு விட்டார். எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம்.

"சீனி காணாது," என்றார்.

எதைக் குடித்தார் என்பது இன்றுவரை நிறுவப்படவில்லை. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

பெறுபேறுகள்

ஐந்து படங்களிலும் வெளிச்சவீடு சாய்ந்திருந்தது. ஆசிரியரின் மாதிரிப் படத்தில் சாய்ந்ததைப் பார்த்துக் கீறியதால் சாய்ந்தது என்று முதலில் நினைத்தோம். ஆனால் ராத்தா ஆசிரியரைப் பார்க்கவே இல்லை. சொந்தத் தம்பியிடம் படிக்கிற அளவுக்குத் தான் இன்னும் தாழ்ந்துவிடவில்லை என்று சொல்லி, நேரே வெளிச்சவீட்டைப் பார்த்துத்தான் கீறினார். அதுவும் சாய்ந்தது. விஞ்ஞான ஆசிரியர் கொண்டுவந்திருந்த பாகைமானி பதினைந்து பாகைக்கு இப்படியும் அப்படியுமாகக் காட்டியது. மெத்தேகித் தேவாலயத்தின் சாய்வும் அதுவே. இஞ்சிப் பிளேன்டீயில் மதுசாரம் பூச்சியம். ஆகவே கோபுரம் சரிவதற்கும் குடிக்கும் தொடர்பில்லை. செங்குத்தான எதுவும் பழக்கமில்லாத கையில் தன்பாட்டில் சரியும். மச்சான் மாதுளம் ஜூஸ்தான் குடித்தார் என்பதை இது நிரூபிக்காது. வேறொன்றைக் குடித்தார் என்ற குற்றச்சாட்டு ஆதாரமின்றி விழுகிறது. முடிவை மாமியிடம் எழுத்தில் சமர்ப்பித்தோம். "அப்ப எல்லாரும் சேந்துதான் குடிச்சிரிக்கீங்க" என்றார்.

அடுத்தது பழி. வைன் இல்லாத இடத்தில் அது எங்கே போய் உட்காரும் என்பதுதானே வினா. விஞ்ஞான ஆசிரியர் முதலில் கண்ணாடியைச் சொன்னார். ராத்தா நீலம் தரமில்லை என்றார். காற்று, கதிரை, மணல், பின்னால் நின்று மூச்சு விட்ட சின்னப் பையன் என்று பழி கொஞ்ச நேரம் அலைந்து திரிந்தது. பல்கலைக்கழகத்துத் தம்பி தன் படத்தைத் தூரத்தில் வைத்து, தலையை ஒரு பக்கம் சாய்த்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"நான் நேராத்தான் கீறின. ஹாபர்தான் கோணலாக் கட்டியிரிக்கு."

எல்லாரும் ஒரே குரலில் ஓம் என்றோம். அதற்குப் பிறகு எவரும் கண்ணாடியையோ காற்றையோ குறை சொல்லவில்லை. மீன் படாவிட்டால் ஹாபர், தென்னை விழுந்தால் ஹாபர், கிணறு உவர்த்தால் ஹாபர் என்று பழகிய ஊர். அவற்றில் பல நியாயமான முறைப்பாடுகள். வெளிச்சவீடு கன்வஸில் சரிந்ததையும் அதே கணக்கில் எழுதிக்கொண்டதுதான் புதிது. திபிலீசியில் கிண்ணம் செய்கிற வேலையை ஒலுவிலில் ஒரு துறைமுகம் செய்கிறது. அது கிண்ணத்தைவிட விலை கூட, போயா தினத்திலும் மூடுவதில்லை. கருதுகோள் நிறுவப்பட்டது.

ஆய்வின் வரையறை

கடைசியாக ஒரு தரவு, எந்த அட்டவணையிலும் அடங்காதது. வெயில் உறைக்கத் தொடங்கிப் படங்களைக் காய வைத்திருந்தபோது, கடலுக்குப் போய் வந்த காக்கா ஒருவர் தோளில் வலையோடு அந்த வழியால் வந்தார். வரிசையாக நின்ற படங்களை ஒன்றொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தவர், ஆய்வாளர் கீறியதன் முன்னால் நின்றுவிட்டார். சரிந்த வெளிச்சவீட்டை அவர் கவனிக்கவில்லை. குனிந்து, இரண்டு அலைதடுப்புக்கும் நடுவே நீலம் பூசியிருந்த இடத்தை விரலால் தொடப் போய், ஈரம் என்று கையை எடுத்துக்கொண்டார்.

"வாய் துறந்திரிக்கே தம்பி. எப்ப தோண்டின?"

மணல் நிறம் தீர்ந்துபோனதால் மிச்சமிருந்த நீலத்தை அந்த இடத்தில் பூசியதாக விளக்கினோம். அவர் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. எத்தனை அடி ஆழம் விட்டிருக்கிறீர்கள், மல்டிடே போட் போகுமா என்று கேட்டார். பக்கத்தில் இருந்த மச்சான், ஆசிரியர் என்ற முறையில், போகும் என்றார்.